ஜீப்பில் ஒரு குளிர்ப்பெட்டி

தார்ப் பாலைவனத்திலுள்ள ஜெய்சால்மர் மாவட்டத்தில் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் மணற்குன்றுகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. மே மாதத்தில் பகல் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடைத் தொடுவது அங்கு அரிதன்று. அத்தகைய நாளொன்றில், கால்நடைகளுக்கான கோமாரித் தடுப்பு மருந்தை ஏற்றிக்கொண்டு ஓர் ஊழியர் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் புறப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். மருந்தின் வெப்பம் 8 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. 2 டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறமோ வெளிக்காற்றைவிடச் சூடானது. பயணம் ஒரே நாளில் முடிவதும் இல்லை.

பால் கெட்டால் திரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தடுப்பு மருந்து அவ்வாறன்று. வலுவிழந்த மருந்தும் வலுவுள்ள மருந்தும் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஊசி போடப்படும், பதிவேட்டில் குறிக்கப்படும், மாட்டின் உடலில் மட்டும் நோயெதிர்ப்பு உண்டாகாது. குழந்தைகளுக்கான மருந்திலும் இதே அபாயம் உண்டு. ஆகவே, வண்டியில் வைக்கப்படும் ஒரு சிறிய குளிர்ப்பெட்டியும், அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் இரண்டு கம்பிகளும் அற்பமான விஷயங்கள் அல்ல. அவற்றை முறையாக அமைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குளிர்த்தொடரில் இதன் இடம்

நம் நாட்டில் விரிவான தடுப்பு மருந்துத் திட்டம் 1978-ஆம் ஆண்டிலும், அனைவருக்குமான தடுப்பு மருந்துத் திட்டம் 1985-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இயற்கையாகப் பரவிய இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014-ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. கோமாரியையும் புருசெல்லா நோயையும் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கியது. மருந்து தயாராகும் இடத்திலிருந்து ஊசி முனைவரை குளிர் அறாமல் காக்கும் ஏற்பாடு இல்லாமல் இத்திட்டங்கள் எவையும் நடைபெற இயலாது. இவ்வேற்பாட்டையே குளிர்த்தொடர் என்கிறோம். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. அந்த மெலிந்த கண்ணி பெரும்பாலும் கடைசிச் சில கிலோமீட்டர்களிலேதான் அமைகிறது.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு நாள் பயணத்திற்குப் பனிப்பொதிகளுடன் கூடிய மருந்துப்பெட்டியே விதிக்கப்பட்ட சாதனம். அதற்கு மின்சாரம் வேண்டாம். பழுதாகும் உறுப்பும் இல்லை. மின் குளிர்ப்பெட்டி அதற்கு மாற்று அன்று, துணையே. பல நாள் சுற்றுப்பயணம், இரத்த மாதிரிகளையும் நீர் மாதிரிகளையும் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவருதல், வழியில் பனிப்பொதிகளை மாற்ற இயலாத நெடுவழி ஆகியவற்றிற்கே அது ஏற்றது. தடுப்பு மருந்துக்காக வாங்கும்போது, உல்லாசப் பயணிகளுக்கென விற்கப்படும் பெட்டியை வாங்காமல், மருந்துக்கென அங்கீகரிக்கப்பட்ட பெட்டியையே பெறல் வேண்டும்.

மூவகைப் பெட்டிகள்

வண்டியில் வைக்கும் குளிர்ப்பெட்டிகள் மூவகைப்படும். முதல் வகை, பெல்டியே விளைவால் இயங்குவது. இருவேறு கடத்திகள் சேருமிடத்தில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பெல்டியே 1834-இல் கண்டார். இப்பெட்டியில் விசிறியைத் தவிர அசையும் உறுப்பு இல்லை, விலையும் குறைவு. ஆயின் வெளிவெப்பத்தைவிடச் சுமார் 15 அல்லது 20 டிகிரி குறைவாகவே அதனால் குளிர்விக்க இயலும். வெளியே 45 டிகிரியானால் உள்ளே 25 டிகிரிக்குக் குறையாது. எனவே பாலைவனத்தில் மருந்துக்கு அது உதவாது. அன்றியும், சுமார் 5 ஆம்பியர் மின்சாரத்தை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வகை, வெப்பத்தைக்கொண்டே குளிரை உண்டாக்கும் உறிஞ்சல் முறைப் பெட்டி. பிரெஞ்சுப் பொறியாளர் பெர்தினாந்து கரே 1859-இல் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. இதனைச் சமதளத்தில் வைக்க வேண்டும். குலுங்கிச் செல்லும் வண்டிக்கு ஏற்றதன்று. பாட்டரியில் இயங்கும்போது மின்சாரச் செலவும் மிகுதி.

மூன்றாம் வகையே நமக்கு உகந்தது. அழுத்தி ஒன்று வாயுவை அழுத்தித் திரவமாக்க, அத்திரவம் உட்சுவரில் ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இம்முறைக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் இலண்டனில் காப்புரிமை பெற்றதும் அதே 1834-ஆம் ஆண்டுதான். அழுத்தி ஓடும்போது ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். வேண்டிய குளிர் வந்ததும் நின்றுவிடும். மீண்டும் வெப்பம் ஏறும்போது ஓடும். ஆகவே நாள் முழுவதற்குமான சராசரி, வெளிவெப்பத்தைப் பொறுத்து மணிக்கு 1 முதல் 3 ஆம்பியர் வரையில் அமையும். இக்கட்டுரையில் சராசரி 2 ஆம்பியர் எனக் கொள்வோம்.

பாட்டரியின் கணக்கு

வண்டியிலுள்ள பாட்டரி, எஞ்சினை எழுப்புவதற்கென்றே அமைந்தது. சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொடுத்துவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிலிருந்து இழப்பை ஈடுசெய்துகொள்வது அதன் இயல்பு. சிறிது சிறிதாகப் பல மணி நேரம் வடிப்பதும், அடிமட்டம் வரை இறக்குவதும் அதன் ஆயுளைக் குலைக்கும்.

70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதிய பாட்டரி என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு வண்டி நிற்கிறது. காலை 8 மணிக்குப் புறப்பட வேண்டும். இடைப்பட்டவை 14 மணி. மணிக்கு 2 ஆம்பியர் வீதம் 28 ஆம்பியர்-மணி செலவாகும். இது கொள்ளளவில் 40 விழுக்காடு. எஞ்சின் பெரும்பாலும் எழும்பிவிடும். ஆனால் பாட்டரி பழையதாகி அதன் உண்மைக் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணியாகக் குறைந்திருந்தால், அதே 28 என்பது 62 விழுக்காடு ஆகிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கும். பெல்டியே வகைப் பெட்டியாயின் மணிக்கு 5 வீதம் 14 மணிக்கு 70 ஆம்பியர்-மணி. புதிய பாட்டரியும் முழுதும் வற்றிப்போகும். அருகில் வேறு வண்டியில்லாத பாலைவனத்தில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பாட்டரியின் நிலையை வோல்ட்மானியே கூறிவிடும். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் சும்மா விட்ட ஈய-அமில பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி; 12-க்குக் கீழே வந்தால் வெறுமையை நெருங்கிவிட்டது. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வேறுபாடே உள்ளது என்பதை நினைவிற் கொள்க. கம்பியில் அரை வோல்ட்டை இழப்பது ஏன் பெருங்குற்றம் என்பது இதனால் விளங்கும்.

கம்பி உண்ணும் வோல்ட்

புதிய பெட்டி வாங்கியவர் பலரும் செய்வது யாதெனில், அதனுடன் வந்த செருகியைச் சிகரெட்டுக் கொளுத்தியின் துளையில் செருகிவிடுவதே. இதில் மூன்று குறைகள் உள. துளைக்குச் செல்லும் கம்பி மெல்லியது. செருகி குலுங்கினால் தளர்ந்து, தொடுமிடம் சூடேறும். பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அத்துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். ஊழியர் உறங்கும் இரவில் பெட்டியும் உறங்கும், மருந்து சூடேறும்.

மெல்லிய கம்பியின் குற்றத்தைக் கணக்கிட்டே காண்போம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0172 ஓம். எஞ்சின் அறையிலிருந்து வண்டியின் பின்புறத்திற்கு 5 மீட்டர் என்றால், போகவும் வரவும் 10 மீட்டர். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டராயின் மொத்தத் தடை 0.115 ஓம். 1827-இல் ஓம் வெளியிட்ட விதிப்படி, 5 ஆம்பியர் பாயும்போது 0.57 வோல்ட் கம்பியிலேயே வீணாகிறது. 4 சதுர மில்லிமீட்டராயின் இழப்பு 0.21 வோல்ட், 6 சதுர மில்லிமீட்டராயின் 0.14 வோல்ட் மட்டுமே. எஞ்சின் அறையின் வெப்பத்தில் செம்பின் தடை இன்னும் மிகும். 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சென்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

இந்த இழப்பு விளைவிக்கும் தீங்கு மறைமுகமானது. பாட்டரி அளவுக்குமேல் வற்றாதிருக்க, இப்பெட்டிகளில் தாழ்நிலைத் துண்டிப்பு என்னும் காவல் உண்டு. பலவற்றில் அதற்குத் தாழ்வு, நடு, உயர்வு என மூன்று நிலைகள் இருக்கும். உயர்வு நிலையில், வோல்ட் ஏறத்தாழ 11.8-க்கு இறங்கியதும் பெட்டி நின்றுவிடும். ஆனால் பெட்டி அளப்பது தன் வாயிலுக்கு வரும் வோல்ட்டையே. பாட்டரியின் வோல்ட்டை அன்று. பாட்டரியில் 12.4 வோல்ட் இருந்தும், கம்பியில் 0.57-உம் செருகியில் மேலும் சிறிதும் இழந்து, 11.8-க்கும் குறைவாகவே பெட்டியை அடைகிறது. பாட்டரி நல்ல நிலையில் இருக்கும்போதே பெட்டி நின்றுவிடுகிறது.

இதனைக் கண்ட ஊழியர், பெட்டியில்தான் பழுது என்றெண்ணிக் காவலைத் தாழ்வு நிலைக்கு மாற்றிவிடுகிறார். இப்போது பெட்டி நிற்பதில்லை. ஆனால் எஞ்சினை எழுப்பும் வலிமையை இழக்கும்வரை பாட்டரி வற்றுகிறது. ஒரு குறையை மறைக்கப்போய் மற்றொன்றை வரவழைத்தாயிற்று. செய்ய வேண்டுவது இதற்கு நேர்மாறானது. கம்பியைத் தடிப்பாக்கிவிட்டு, எஞ்சினுக்குரிய பாட்டரியில் இணைக்கும்போது காவலை எப்போதும் உயர்வு நிலையிலேயே வைத்தல் வேண்டும்.

கடையில் கம்பி வாங்கும்போது மேலுறையின் தடிப்பைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளேயுள்ள செம்பின் குறுக்குப்பரப்பே கணக்கு. தனித்த ஒரே கம்பியைவிடப் பல இழைகள் முறுக்கிய கம்பியே அதிர்வைத் தாங்கும்.

பியூஸ் யாரைக் காக்கிறது?

பியூஸ் பெட்டியைக் காக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலாவதாகக் காப்பது கம்பியை. கம்பியின் வழியாக வண்டியையும் அதிலுள்ள உயிர்களையும். பாட்டரியிலிருந்து பின்புறம் செல்லும் நேர்முனைக் கம்பியின் உறை, தகட்டின் விளிம்பில் உரசி எங்கேனும் தேய்ந்தால், செம்பு வண்டியின் உடலைத் தொடும். அக்கணமே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து, உறை தீப்பற்றும். பெட்டியினுள் எத்தனை பியூஸ் இருப்பினும் பயனில்லை. ஏனெனில் மின்னோட்டம் பெட்டியை அடைவதே இல்லை.

ஆதலின் பியூஸ், பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவிற்குள் இருத்தல் வேண்டும். முனைக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட துண்டுக்குக் காவல் இல்லை. அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. பியூஸின் அளவு பெட்டியின் தேவையைவிட மிகுந்தும், கம்பி தாங்கும் அளவைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். 5 ஆம்பியர் பெட்டிக்கும் 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும் 15 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். பெட்டியை உருவாக்கியோர் வேறு அளவு குறித்திருந்தால் அதனையே பின்பற்றுக. அடிக்கடி பியூஸ் போகிறதென்று வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது, வாயிற்காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இணைக்கும் முறை

அரசாங்க வண்டியாயின் முதலில் மேலதிகாரியின் அனுமதி பெறுக. புதிய வண்டியாயின், தயாரித்தோரின் உத்தரவாதம் இதனால் பாதிக்கப்படுமா என்பதையும் கேட்டறிக. மின்வேலையில் பழகிய மெக்கானிக்கின் துணை அவசியம். வேலையின் படிகள் பின்வருமாறு:

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுக. நேர்முனையை முதலில் கழற்றினால், திருகி வண்டியின் உடலைத் தொட்டவுடன் பொறி பறக்கும்.

2. நேர், எதிர் ஆகிய இரண்டு கம்பிகளையும் பின்புறம் வரை இட்டுச் செல்க. எதிர்முனைக்கு வண்டியின் உடலையே பயன்படுத்தலாம் எனினும், துருவும் வண்ணப்பூச்சும் அதன் தொடர்பைக் கெடுக்கக்கூடும். சில புதிய வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனையில் ஓர் அளவி பொருத்தப்பட்டிருக்கும். அவ்வாறாயின் நம் எதிர்முனைக் கம்பியை முனையில் அன்றி, அளவிக்கு அப்பால் வண்டியின் உடலோடு சேருமிடத்தில் இணைக்க வேண்டும்.

3. தகட்டில் துளையிட்டுக் கம்பியை நுழைக்குமிடத்தில் ரப்பர் வளையம் பொருத்துக. கம்பி முழுவதையும் நெளிகுழாய்க்குள் இடுக. புகைபோக்கிக் குழாய், எரிபொருள் குழாய், ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றை விட்டு விலகிச் செல்க. அடிக்கு ஒன்றாகக் கட்டுப்போட்டுத் தொங்காமல் செய்க.

4. முனைகளைக் கையால் முறுக்கிவிடாமல், உரிய அழுத்துகருவியால் செப்பு லக்குகளைப் பொருத்துக. பின்புறத்தில் திருகிப் பூட்டும் வகைத் துளையை அமைத்தால் குலுக்கலில் செருகி கழலாது.

5. பியூஸைச் செருகாமல் எல்லா இணைப்புகளையும் முடித்து, ஒருமுறை முழுதும் சரிபார்த்தபின் எதிர்முனையை மாட்டி, இறுதியில் பியூஸைச் செருகுக.

6. அழுத்தி ஓடும்போது பாட்டரி முனைகளிலும், பின்புறத் துளையிலும் வோல்ட்டை அளந்து பார்க்க. வேறுபாடு 0.3 வோல்ட்டுக்கு மேற்பட்டால் எங்கோ இணைப்பு தளர்ந்துள்ளது. அரை மணிக்குப் பின் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க. சுடும் இணைப்பே குற்றமுள்ள இணைப்பு.

பெட்டியைப் பட்டைகளால் இறுகக் கட்டுக. அதன் காற்றுத்துளைகளை மூட்டைகள் அடைத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தி ஓயாது ஓடும். மேற்புறம் திறக்கும் பெட்டியே நன்று. குளிர்ந்த காற்று கனமானதாகையால் மூடியைத் திறக்கும்போது கொட்டிப்போகாது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவே நிலையத்து மின்சாரத்தில் பெட்டியைக் குளிர்வித்துக்கொண்டால் பாட்டரியின் சுமை பெரிதும் குறையும்.

இரண்டாவது பாட்டரி

இரவுதோறும் வெளியில் தங்க நேரும் ஊழியர்க்கு, குளிர்ப்பெட்டிக்கென்று தனிப் பாட்டரி வைப்பதே சிறந்த வழி. அது முற்றும் வற்றினாலும் எஞ்சின் எழும்பும். ஆழமாக வற்றுவதைத் தாங்கும் வகையைத் தேர்ந்து, ஈய-அமில வகையாயின் பாதிக்குமேல் வற்றாமல் காக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி பாட்டரி இவ்வாறு 50 ஆம்பியர்-மணி தரும். நம் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு முழு நாளைக்குப் போதும். பயணிகள் அமரும் பகுதியில் திறந்தவகை அமில பாட்டரியை வைக்கலாகாது. மின்னேற்றும்போது அதிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். மூடிய வகையையே வைத்து, அசையாமல் பிணைக்க வேண்டும்.

இரு பாட்டரிகளையும் இணைக்க, வோல்ட்டை உணரும் ரிலே உதவுகிறது. எஞ்சின் ஓடி வோல்ட் சுமார் 13.3-க்கு ஏறியதும் அது இணைக்கும், 12.8 அளவிற்கு இறங்கியதும் பிரிக்கும். ஆனால் அண்மைக்கால வண்டிகள் பலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்ட் தானாகவே ஏறி இறங்குகிறது. எஞ்சின் ஓடும்போதே ரிலே பிரிந்துவிட, இரண்டாவது பாட்டரி நிரம்புவதே இல்லை. அத்தகைய வண்டிகளுக்கும், லித்தியம் வகைப் பாட்டரிக்கும், வோல்ட்டைச் சீராக்கி ஏற்றும் நேர்மின் மாற்றியே வேண்டும். இணைப்புக் கம்பியின் இரு முனைகளிலும் பியூஸ் வைக்க மறவற்க. அதன் இரு புறமும் பாட்டரி இருப்பதால், எப்பக்கத்திலிருந்தும் தீ மூளக்கூடும்.

முகாமிட்டு நிற்கும் நாட்களில் சூரியத் தகடு கைகொடுக்கும். 100 வாட் தகடு, நல்ல வெயிலுள்ள நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளியைப் பெற்று, இழப்புகள் போகச் சுமார் 350 வாட்-மணி தரும். 12.5 வோல்ட்டில் இது 28 ஆம்பியர்-மணி. முன்னர் ஓர் இரவுக்கு நாம் கண்ட செலவும் இதுவே. தகட்டுக்கும் பாட்டரிக்கும் இடையே கட்டுப்படுத்தும் கருவி ஒன்று இருத்தல் அவசியம்.

குளிர்நாட்டின் எதிர்ப்பாடம்

இதுவரை வெப்பத்தையே பகைவனாகக் கருதினோம். லடாக்கில் நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் திராஸ் பகுதியில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 டிகிரிக்கும் மேலாக இறங்குவதுண்டு. குளிர்ப்பெட்டியின் தொழில் வெப்பத்தை வெளியேற்றுவதே. சாதாரணப் பெட்டிக்குச் சூடேற்றத் தெரியாது. ஆகவே வெளியில் நிற்கும் வண்டியில் மருந்து உறைந்துபோகும். கல்லீரல் அழற்சித் தடுப்பு மருந்து, முத்தடுப்பு மருந்து, ஐந்து நோய்த் தடுப்பு மருந்து போன்றவற்றில் அலுமினிய உப்பு கலந்துள்ளது. உறைந்தால் அவ்வுப்பு திரண்டு மருந்து பயனற்றுப்போகும். மீண்டும் உருக வைப்பதால் பயன் இல்லை. குப்பியின்மேல் ஒட்டப்பட்டுள்ள நிறமாறும் குறி வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. அங்கே மருந்தை இரவில் வண்டியிலிருந்து எடுத்து, மனிதர் உறங்கும் அறையில் வெப்பமானியுடன் வைப்பதே அறிவுடைமை.

பாலைவனத்திலும் உறைதல் நேரக்கூடும். குளிர்விக்கும் உட்சுவரை ஒட்டி வைத்த குப்பி, நடுவிலுள்ள குப்பியைவிட மிகவும் குளிர்ந்துபோகும். ஆகவே பெட்டியை 5 டிகிரிக்கு அமைத்து, குப்பிகள் சுவரைத் தொடாதவாறு அட்டைப்பெட்டியிலிட்டு, அவற்றின் நடுவே தனி வெப்பமானி ஒன்றை வைத்துக் காலையும் மாலையும் குறித்து வருக. பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்பற்க. அது உணரி இருக்கும் இடத்தின் வெப்பமே அன்றி, மருந்தின் வெப்பம் அன்று.

பாட்டரிக்கும் குளிர்நாடு கடினமானது. குளிரில் அதன் கொள்ளளவு சுருங்கும். நிறைந்த பாட்டரியின் அமிலம் கடுங்குளிரையும் தாங்கும். முற்றிலும் வற்றிய பாட்டரியின் அமிலமோ நீர்த்துப்போவதால் எளிதில் உறைந்து ஓட்டையே பிளக்கும். பூச்சியத்திற்குக் கீழான வெப்பநிலையில் சாதாரண லித்தியம் பாட்டரிக்கு மின்னேற்றுதல் அதனைக் கெடுக்கும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவ்விஷயத்தைக்கொண்டு மின்சாரப் பாடத்தை உயிர்ப்பிக்கலாம். டார்ச்சுக்குரிய இரண்டு உலர்மின்கலங்கள், ஒரு சிறு பல்பு, ஒரு வோல்ட்மானி ஆகியவை போதும். முதலில் குறுகிய தடித்த கம்பியால் பல்பை இணைத்து, மின்கலத்தின் முனைகளிலும் பல்பின் முனைகளிலும் வோல்ட்டை மாணவர் அளக்கட்டும். பின்னர் அதே பல்பைப் பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பியால் இணைக்கட்டும். பல்பு மங்கும், இரு அளவுகளுக்கும் இடையே வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாடு எங்கே போயிற்று என்று கேட்டால், கம்பி அதனை உண்டுவிட்டது என்பதை அவர்களே கண்டுகொள்வர். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரின் ஓர் இழையை மட்டும் உலோகத் தட்டின்மேல் வைத்து, மின்கலங்களோடு இணைத்தால் அது சிவந்து அறுந்துபோகும். பியூஸின் தத்துவம் இதுவே. இச்சோதனையை ஆசிரியரே செய்து காட்டுக. வண்டியின் பாட்டரியைக்கொண்டு இதனை ஒருபோதும் செய்யலாகாது.

கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லென்றிருப்பது ஏன் என்ற கேள்வியிலிருந்து குளிர்ப்பெட்டியின் தத்துவத்திற்குச் செல்லலாம். அங்கிருந்து, தம் ஊருக்கு வரும் தடுப்பு மருந்து எவ்வழியாக, எந்தெந்தப் பெட்டிகளில் வருகிறது என்பதை மாணவர் விசாரித்து அறிந்து வரட்டும்.

பாலைவனத்து ஊழியரிடம் மீண்டும் செல்வோம். மூன்றாம் நாள் மாலை, கடைசிச் சிற்றூரில், பெட்டியின் மூடியைத் திறக்கிறார். வெப்பமானி 5 டிகிரி காட்டுகிறது; நோட்டுப்புத்தகத்தில் ஆறு வேளையும் குறித்த எண்கள் 2-க்கும் 8-க்கும் இடையிலேயே உள்ளன. கயிற்றைப் பிடித்தவாறு மாட்டுடன் நிற்பவருக்கு ஆம்பியரும் ஓமும் தெரிய வேண்டியதில்லை. அவருடைய மாட்டுக்குப் போடப்படும் மருந்து உண்மையாகவே மருந்தாக இருக்க வேண்டும். அவ்வளவே அவர் தேவை. அதற்குரிய பொறுப்பு, கம்பியின் தடிப்பையும் பியூஸின் இடத்தையும் தெரிந்து பொருத்தியவருடையது.